கிணற்றடியில் கையில் பாத்திரமில்லாமல்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் வழியனுப்பு விழாவில் மதில் எழுப்பினது, ஜெனரேட்டர் வாங்கினது, சேகரத்தின் வரவைப் பெருக்கினது எல்லாம் பேசப்பட்டன. சால்வைகள் குவிந்தன. உங்கள் பிரசங்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல். இன்று பீடம் ஏறுகிற இளைய போதகர்களும் படிக்கட்டும் என்று எல்லார் பார்வைக்கும் வைக்கிறேன்.

2018-இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தபோது நம் நெல்லைப் பக்கம் அதைப் பேசாத வீடில்லை. ஆலயத்தில் மட்டும் யாரும் பேசவில்லை. அப்போது நீங்கள் யோவான் நான்காம் அதிகாரத்தை எடுத்தீர்கள். சமாரியப் பெண்ணைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாகிவிட்டது. அவளுடைய ஐந்து புருஷர்களைத் தாண்டி யாரும் போனதில்லை. நீங்கள் அவள் குடத்தின் அருகே நின்றுவிட்டீர்கள். உச்சிவேளை, நடந்த களைப்பு, ஆழமான கிணறு. மொள்ள இயேசுவிடம் ஒன்றுமில்லை என்று அவளே சொல்லிக் காட்டுகிறாள். அப்படியானால் அவர் கேட்ட தண்ணீர் அவள் பாத்திரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். யூதரும் சமாரியரும் அன்னந்தண்ணி புழங்காத காலம் அது. பிரசங்கத்தின் பெரும்பகுதி இந்த ஒரு குடத்திலேயே போயிற்று. பிறகுதான் படத்தின் கடைசிக் காட்சியில் அருகருகே இருக்கும் இரண்டு டீ கிளாஸ்களைச் சொன்னீர்கள், அதுவும் இரண்டே வாக்கியத்தில். கதைச் சுருக்கம் கிடையாது, வசனம் பேசிக் காட்டவும் இல்லை. நம் வயலில் வேலை செய்கிறவருக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறோம் என்று கேட்டுவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டீர்கள். முன்வரிசையில் சிலருக்கு இருமல் வந்தது.

இப்போது வேறு விதமான பிரசங்கமும் கேட்கிறோம். புதுப்படத் தலைப்பே செய்தியின் தலைப்பு; கதாநாயகன் வருகிற மாதிரி போதகர் வருகிறார்; வேத வசனம் இலை ஓரத்து ஊறுகாயாக ஒதுங்கிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளைகள் படத்தைத்தான் பேசுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பீடத்தில் சினிமாவா என்று பெரியவர்கள் சிலர் குறைப்பட்டபோது, நீங்கள் அப்போஸ்தலர் பதினேழைத் திறக்கச் சொன்னீர்கள். பிசீதியாவின் அந்தியோகியா ஜெபஆலயத்தில் இஸ்ரவேலின் சரித்திரத்தைச் சொல்லித் தொடங்கிய அதே பவுல், ஏதென்ஸின் அரெயோப்பாகுவில் கிரேக்கக் கவிஞர்களைத் துணைக்கு அழைக்கிறார். அவர்களில் ஒருவரான அராட்டஸ், பவுல் எடுத்தாண்ட வரியைச் சீயுஸ் தேவனைப் பற்றி எழுதியிருந்தார். பவுல் அங்கேயே தங்கிவிடவில்லை. உயிர்த்தெழுதல் வரை போனார், சிலர் கேலி செய்தார்கள். கைதட்டு வாங்கவேண்டுமென்றால் கவிதையோடு நிறுத்தியிருப்பாரே என்றீர்கள். அதற்குப் பிறகு குறைப்பட்டவர்கள் அடங்கினார்கள், முழுதாக அல்ல.

வேதபாட வகுப்பில் நீங்கள் எதையும் மறைக்காததற்கும் நன்றி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியதைப் பெருமையாகச் சொன்னீர்கள். அரசவையும் ஊரும் ரசித்த குறத்தியின் குறியைச் சுவிசேஷத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் ஆலயத்துக்குள் சாதி வேற்றுமையை மிஷனரிகள் ஒழிக்க முயன்றபோது எதிர்த்து எழுதியவரும் அவர்தான். சாதி அறவே ஒழியவேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விட்டதும், பலர் சபையை விட்டே வெளியேறியதும் உங்கள் வாயிலாகத்தான் எங்களுக்குத் தெரியும். மக்கள் கலையை உள்ளே அழைக்கும்போது அதோடு ஒட்டிய அழுக்கும் கூடவே வரும் என்று அன்று விளங்கிற்று. அதை யார் கழுவுவது? ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில், நாட்டுப்புறப் பாட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது ஊரெல்லாம் ஒரே உலையில் பொங்கி உண்பதையும் சேர்த்தே பாடினார். சாஸ்திரியார் விட்ட இடத்தை அவர் தொட்டார் என்பது உங்கள் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ஒரு வழக்கு மட்டும் பாக்கி இருக்கிறது. கிருபைக்கு கிரிக்கெட் ‘ஃப்ரீ ஹிட்’டை உவமை சொன்னீர்கள். அது பந்து வீசியவர் செய்த தப்புக்குக் கிடைப்பது என்கிறான் என் பேரன். அப்படியென்றால் கிருபையில் தப்பு யாருடையது, ஐயா? சினிமாவை அளந்து எடுத்த நீங்கள் கிரிக்கெட் என்றால் மட்டும் கட்டுப்பாட்டை விட்டுவிடுவீர்கள்.

உங்கள் பிரசங்கக் குறிப்பு நோட்டுகள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று அம்மா சொன்னார்கள். கரையான் அரிக்கும் முன்னே கொடுத்தனுப்புங்கள். வாலிபர் சங்கப் பிள்ளைகள் தட்டச்சு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிரிக்கெட் பக்கங்களை நானே பார்த்துக் கிழித்துவிடுகிறேன்.


உங்கள் பழைய சபையாரில் ஒருத்தி