சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடினார்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. எண்பதுகளில் திருகோணமலைப் பக்கம் படித்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள். முடிந்தால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

'சுராங்கனி' பாட்டு எங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். யாருடைய பாட்டு என்று கேட்டால் மட்டும் "இந்தியப் படப் பாட்டு சேர்" என்பார்கள். 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அது வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அதை இலங்கை முழுக்கப் பாடிப் பரப்பியவர் நம் நாட்டு ஏ.ஈ. மனோகரன். பிறகு அவர் சென்னைக்குப் போய் நடிகரானார். 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்.

இந்தப் பெயர்களாவது சிலருக்குத் தெரியும். நம் திருகோணமலைச் சகோதரர்கள் எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் பற்றிச் சொன்னால் வகுப்பே முழிக்கிறது. பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' இசைத்தட்டாக வந்து, இலங்கை வானொலியில் ஒலித்து, ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு. அவரும் பிறகு ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

துறைமுக ஊரில் இப்படியான இசை வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறும் வரை கப்பல்காரர்கள் நிறைந்திருந்த ஊர் இது. பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் குடும்பங்கள் இருந்தன. பைலா என்ற சொல்லே ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தாளத்தைக் கிட்டாரிலும் பொங்கோவிலும் எடுத்து, தமிழில் நையாண்டியும் காதலும் கலந்து பாடியதைத்தான் நாம் 'பொப்' என்றோம். எங்கள் ரொக் என்றாலும் அதுதான்!

அந்த அலைக்குப் பின்னால் ஊருக்கு ஊர் இளைஞர்கள் குழு கட்டினார்கள். எங்களுக்கும் ஒரு குழு இருந்தது. இருந்தது என்றால், அவர்கள் வாசிப்பார்கள், நாங்கள் கேட்போம். பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் விளம்பரம் விரும்பாதவர்கள். நகரத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு ட்ரம்ஸ், கூட ஒரு பாடகர். கோயில் திருவிழா, பாடசாலைக் கார்னிவல், கலியாண வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். பரமேஷ் பாட்டு, மனோகரன் பாட்டு, இடையில் சிங்கள பைலா, பிறகு அவர்களே கட்டிய நாலைந்து பாட்டுகள். ஒரு இசைத்தட்டுக்கூட வெளியிடவில்லை.

நாங்கள் கிண்ணியாப் பெடியன்கள் நாலு பேர். இப்போது நாலு பேருமே ஆசிரியர்கள், பென்ஷன் வாசலில் நிற்கிறோம். அன்று பாலம் இல்லை. பாதையில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். இராத்திரிக் கச்சேரிக்குப் போனால் அன்றைக்கு வீடு திரும்ப முடியாது. நகரில் எங்களோடு டியூஷன் படித்த நண்பன் ஒருவனின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுப்போம். காலையில் அவனுடைய அம்மா எங்களுக்கென்று புதுச் சட்டியில் தனியாக முட்டை பொரித்துத் தருவார். "பிள்ளையள் யோசிக்காமச் சாப்பிடுங்கோ, இது வேற சட்டி" என்பார். அந்தச் சட்டியை எங்களுக்காகவே வாங்கி வைத்திருந்தார்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் எல்லாம் சிதறியது. தமிழர், முஸ்லிம்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே பயந்த காலம் அது. கிட்டார்காரர் ஒருவர் கனடா, ட்ரம்ஸ்காரர் ஜெர்மனி, பாடகர் மட்டும் ஊரோடு. விறாந்தை வீட்டுக் குடும்பமும் போய்விட்டது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி எங்கள் ஊரைப் புரட்டியது. 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு ஓடியது. பாட்டை யார் நினைத்தார்கள்?

போன விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து, உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் ஒரு இரவு வாசித்தார்கள். டிக்கட் இல்லை, போஸ்டர் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான்.

பாட்டு விசயத்தில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து உண்டு. அந்த விவாதத்துக்கு இந்தப் பதிவு வேண்டாம். நாலு பேரில் ஒருவர் "நான் வரல்ல மச்சான், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை. மூன்று பேர் போனோம். 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் பாலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிட்டோம். பாதைக்குக் காத்திருந்த காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி முடிப்பதற்குள் நகரம் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், முதல் பாட்டு சரியாக வரவில்லை. பாடகருக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. நிறுத்தினார், சிரித்தார், கிட்டார்காரரிடம் ஏதோ சொன்னார். சுருதியை இறக்கி மறுபடி தொடங்கினார்கள். ட்ரம்ஸில் இருந்தது பழைய ஆளின் மகன். ஜெர்மனியில் பிறந்த பிள்ளை, தமிழ் கொச்சை. ஆனால் தாளம் அப்படியே தகப்பனுடையது. தகப்பன் பக்கத்தில் நாற்காலியில் இருந்து முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். கையில் ஏதோ வருத்தமாம்.

பிறகு அவர்களே கட்டிய பாட்டுகளுக்கு வந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகருக்கு வரி மறந்துவிட்டது. மேடையில் இருந்த ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு பெண் குரல் அந்த வரியை எடுத்துக் கொடுத்தது. அதற்கடுத்த வரியை நாங்கள் கொடுத்தோம். அடுத்தது இன்னொரு மூலையிலிருந்து வந்தது. முப்பது வருசத்துக்கு மேலாக அந்தப் பாட்டு எங்கும் ஒலிக்கவில்லை, எங்கும் எழுதப்படவுமில்லை. கனடாவில் ஒரு துண்டு, ஜெர்மனியில் ஒரு துண்டு, கிண்ணியாவில் ஒரு துண்டு என்று கிடந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் நாங்கள் எல்லோரும் வந்து இருந்தபோதுதான் அது முழுப் பாட்டானது. குழு திரும்பி வந்தது என்று நினைத்துத்தான் போனோம். கேட்டவர்களும் திரும்பி வர வேண்டியிருந்தது.

பின்வரிசைக் குரல் யாருடையது என்று விளக்கு போட்டதும் பார்த்தோம். எங்கள் விறாந்தை நண்பனின் தங்கை. அம்மா கனடாவில் மௌத்தாகி நாலு வருசமாம். "உங்கட சட்டியை அம்மா கடைசி வரைக்கும் வேற ஒண்டுக்கும் எடுக்கேல்ல அண்ணா" என்றாள். எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு, வராத நண்பர் போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், பாடசாலைக் கதை பேசினார். கடைசியில் மெல்ல, "அந்த ரெண்டாவது பாட்டப் பாடினாங்களா?" என்று கேட்டார். பாடினார்கள் என்றோம். நடுவில் மறந்ததையும் சொன்னோம். அவர் அந்த வரியைப் போனிலேயே சொல்லி, "இதுதானே?" என்றார். அதுவேதான்.

இப்போது ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டு வந்த நேஷனல் ரேப் ரெக்கோடரில் சிலர் இந்தக் கச்சேரிகளைப் பதிவு செய்ததுண்டு. திருகோணமலை, கிண்ணியா, மூதூர் வீடுகளில் பழைய பெட்டிக்குள் அப்படி ஒரு கசட் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நாடா அறுந்திருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பாட்டுகளின் வரிகளை இப்போது ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். நாலாவது பாட்டில் இரண்டு வரி இன்னும் கிடைக்கவில்லை.