மோரும் பழைய சோறும் ஒரு நோட்டும்

திங்கள்

மதுரையில் ஒரு வங்கிக் கிளையின் காசாளர் அவர். கவுன்ட்டர் முன் வரிசை நீள நீள வயிறு முறுக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. குடல் நோய் மருத்துவர் ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் நோய்க்குறி, என்றார். மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி. மலம் கழிக்கையில் அது கூடுவது அல்லது குறைவது, போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு கூடவே இருக்க வேண்டும். ஐ.பி.எஸ்.ஸுக்கு 2016இல் வந்த ரோம் வரையறை இப்படித்தான் சொல்கிறது. "என்ன சாப்பிட்டீங்க, வயிறு எப்படி இருந்துச்சுன்னு எழுதிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்.

செவ்வாய்

நோட்டில் முதல் வரி: இட்லி, சாம்பார். மாலையில் உப்பசம்.

"புளிச்ச மாவு வயித்துக்கு நல்லதுதானே?" என்றார் கணவர். மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் பாக்டீரியா நல்லதுதான். ஆனால் இட்லிக் கொப்பரையின் ஆவியில் அது பிழைப்பதில்லை. கொதித்த மோர்க்குழம்புக்கும் அதே கதி. சூடான சோற்றில் ஊற்றிய தயிரிலும் கொஞ்சம் போய்விடலாம், சோறு ஆறட்டும்.

உப்பசத்துக்குச் சந்தேகம் இட்லி மேல் அல்ல, சாம்பாரில் மிதந்த சின்ன வெங்காயத்தின் மேல். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் உணவுமுறைக்கு இதுவே அடிப்படை.

வியாழன்

அம்மா ஊரிலிருந்து வந்ததும் சட்டியில் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தார். காலையில் திறந்தால் நீராகாரம் லேசாகக் கலங்கி, விளிம்பில் சிறு குமிழிகள், மெல்லிய புளிப்பு வாசம். இது அடுப்பேறாது, அதனால் பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குப் போகும். இட்லியைவிடப் பழைய சோற்றுக்கு மதிப்பு கூடுவது இங்கேதான்.

"சின்ன வெங்காயமும் பச்ச மிளகாயும் இல்லாம எப்படிடி எறங்கும்?"

இறங்கத்தான் வேண்டும். இரண்டுமே பல ஐ.பி.எஸ். வயிறுகளைக் கிளறிவிடும். உப்பும் மோரும் விட்டுச் சாப்பிட்டார். அம்மாவுக்கு அது சாப்பாடாகவே தெரியவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்ததைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அந்த ஆய்வு ஐ.பி.டி. என்கிற குடல் அழற்சி நோய்க்கானது. அதில் குடலே புண்ணாகும், ஐ.பி.எஸ்.ஸில் ஆகாது. ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஞாயிறு

மருந்துக் கடையில் புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 2001இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூடிச் சொன்ன இலக்கணப்படி, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்தான் புரோபயாட்டிக். எதிர் வீட்டில் உறை வாங்கித் தோய்த்த தயிரில் எந்த ரகம், எத்தனை கோடி என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் தோய்ந்த தயிரில் பாலைவிட லாக்டோஸ் குறைவு. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது.

மருத்துவர்களிடமே ஒரே பேச்சு இல்லை. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம், ஐ.பி.எஸ்.ஸுக்குப் புரோபயாட்டிக்கை ஆய்வுகளுக்குள் மட்டும் கொடுங்கள் என்றது 2020இல். மறு ஆண்டே பிரிட்டிஷ் சங்கம், விருப்பமிருந்தால் 12 வாரம் வரை பாருங்கள், பலனில்லாவிட்டால் நிறுத்துங்கள் என்றது. எந்த ரகம் என்று அதுவும் பெயர் சொல்லவில்லை. வீட்டு வயிற்றுக்குப் பிரிட்டிஷ்காரர் சொன்னதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்த மாதம்

நோட்டு பேச ஆரம்பித்திருக்கிறது. மதிய மோர் ஒத்துக்கொள்கிறது. ஊறுகாய் சேர்ந்த நாட்களில் வலி. பழைய சோறு அரைக் கிண்ணம்வரை சரி, அதைத் தாண்டினால் உப்பசம். தணிக்கை நடந்த வாரத்தில் எதைச் சாப்பிட்டாலும் வயிறு கெட்டது. அதை எந்தத் தயிரும் சரிசெய்யவில்லை.

நீங்களும் முயல்வதானால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய உணவு, அதற்குச் சில வாரம் அவகாசம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மோர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.