வீடும் தயாராக வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து பெரியவர்கள் கலைந்ததும் எங்கள் ஊர்க் கோயில் வளாகம் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடும். ஒன்றாம் வகுப்பு மாதா கெபிக்குப் பக்கத்தில் உட்காரும். மூன்றாம் வகுப்புக்கு வேப்பமரத்தடி. புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, தயாராகிறவர்களுக்கு மட்டும் கோயிலுக்குள்ளேயே, பீடத்துக்கு முன்னால் இடம். தூத்துக்குடிக் கடற்கரையில் ஞாயிறன்று கடலுக்குப் போகாத வழக்கம் இருப்பதால் அப்பாமார்களும் அன்று ஊரில்தான் இருப்பார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும் நேரத்துக்குத் திரும்பி வருவார்கள்.

பல ஆண்டுகளாகப் புதுநன்மை வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான். "மிஸ், இவனுக்கு எல்லா மந்திரமும் பாடமாயிட்டு. எப்படியாவது இந்த வருசமே சேத்துக்கிடுங்க." பிள்ளை பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அவன் தயார்தான். அவன் வீடு தயாரா என்று நான் யோசிப்பேன். வீட்டில் மாலை ஜெபம் உண்டா, அப்பாவும் அம்மாவும் நன்மை வாங்குகிறார்களா, சண்டை வந்தால் யாராவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்கிறார்களா? நான் வகுப்பில் சொல்வதையெல்லாம் பிள்ளை இந்தக் கேள்விகளின் பதிலோடு ஒத்துப்பார்த்துத்தான் நம்பும். புதுநன்மைக்குப் பிள்ளையை மட்டும் தயார்செய்தால் போதாது, வீட்டையும் தயார்செய்ய வேண்டும் என்பதே இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம்.

இது புதிய எண்ணமும் அல்ல. எங்கள் கடற்கரையில் மறைக்கல்வி தொடங்கியதே அப்படித்தான். 1542இல் மறைபணியாளர் சவேரியார் இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசும் அறிந்தவர்களைச் சேர்த்துவைத்து, ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றைத் தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்து ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரித்திருக்கிறார். கற்றுக்கொண்டதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. நோயாளி கிடக்கும் வீடுகளுக்குத் தான் போக முடியாதபோது பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் அந்த வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணம் சொல்லி, நோயாளிக்காக வேண்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் வழியாக அவர் பாடம் நடத்தியது வீட்டுக்குத்தான்.

அவர் ஊரைவிட்டுப் போகும்போது ஜெபங்களின் பிரதி ஒன்றை விட்டுச்செல்வார். அவற்றைத் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை அமர்த்துவார். இன்றைய உபதேசியாருக்கும் எங்களைப் போன்ற மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் முன்னோடி அவர்தான். போர்த்துகல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கச் செய்தார் சவேரியார்.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் அந்தப் பணியை அச்சுக்குக் கொண்டுபோனார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுள்ள சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் அதுவே முதலாவது, அதன் பொருளோ ஜெபமும் மறைக்கல்வியும். அடுத்த ஆண்டே கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளும் கேள்வி பதிலாக அமைந்தது. நான் இன்று வேதபாடப் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்க, பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்கிறார்களே, அந்த முறைக்கு நம் மொழியில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது.

மனப்பாடம் என்றால் இப்போது பலர் முகம் சுளிக்கிறார்கள். பொருள் புரியாமல் ஒப்பிப்பதில் என்ன பயன் என்று கேட்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெபம் வளரும் பிள்ளைக்குச் சற்றுப் பெரிதாகத் தைத்த சட்டை மாதிரி. எட்டு வயதில் தொளதொள என்றிருக்கும், வாழ்க்கை வளர வளர உடம்போடு பொருந்தும். கடலில் இரவு முழுக்கக் காற்றோடு போராடிய ஒருவருக்கும், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பனுக்கும் அந்த நேரத்தில் சொந்தமாகச் சொற்கள் வராது. சிறு வயதில் பாடமான வரிகள்தான் வாய்க்கு வரும். ஆகவே மனப்பாடம் வேண்டும். ஆனால் மனப்பாடத்தை மட்டுமே தகுதியாக்கிவிடக் கூடாது.

திருச்சபையும் அப்படி ஆக்கவில்லை. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், விவரமறியும் வயதை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவும், பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்கவும் கட்டளையிட்டது. காலப்போக்கில் அந்த வயது பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று தள்ளிப்போனது. எல்லாம் முழுதாகத் தெரிந்த பிறகுதான் நன்மை என்று பிள்ளைகளைக் காக்கவைத்தார்கள். 1910 ஆகஸ்ட் 8ஆம் நாள் வெளியான ஆணையின் மூலம் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அந்தப் பழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஏழு வயதே விவரமறியும் வயது. முதல் நன்மைக்கு முழுமையான மறையறிவு தேவையில்லை. வயதுக்கேற்ற அடிப்படை நம்பிக்கையோடு, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து பக்தியோடு வாங்கத் தெரிந்தால் போதும். மீதியை வளர வளரக் கற்றுக்கொள்ளலாம். பிள்ளை நன்மை வாங்கலாமா என்று முடிவுசெய்யும் பொறுப்பை அந்த ஆணை, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவோடு சேர்த்துத் தகப்பனிடமும் கொடுத்தது.

இதன் அருமையை எனக்கு உணர்த்தியது எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி. மூளை வளர்ச்சி சற்றுத் தாமதமான பிள்ளை. எந்த மந்திரமும் அவளுக்கு முழுதாக நிற்காது. அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சிலர் தயங்கினார்கள். பங்குச் சாமியார் அவளை அழைத்து, சாப்பாட்டு மேசையில் இருக்கும் ரொட்டியையும் பீடத்தில் இருக்கும் அப்பத்தையும் காட்டிக் கேட்டார். ரொட்டியைப் பார்த்து "பசிக்கு" என்றாள். பீடத்தைப் பார்த்து "இயேசப்பா" என்று சொல்லிக் கைகூப்பினாள். அந்த ஆண்டு முதல் ஆளாக நன்மை வாங்கியது அவள்தான். அவளுக்கு அந்தக் கைகூப்புதலைக் கற்றுக்கொடுத்தது நான் அல்ல. ஒவ்வொரு நாள் பூசைக்கும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அவளுடைய ஆச்சி.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார்செய்யும் வாரங்கள். நன்மைக்கு முன்பு அது நடக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பிள்ளைகள் மனத்தில் அப்போது பயம்தான் நிறைந்திருக்கும். "மிஸ், நான் பொய் சொன்னத சாமியார் எங்கம்மாட்ட சொல்லிருவாரா?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். சொல்லமாட்டார், உயிரே போனாலும் சொல்லமாட்டார், சொல்வது அவருக்குத் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்று சொல்வேன். அந்தப் பதிலைக் கேட்டதும் முகங்கள் மலர்வதைப் பார்க்க வேண்டும். உலகத்தில் தன் ரகசியத்தைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் உண்டு என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது சிறிய விஷயமில்லை.

பாவங்களின் பட்டியலைக் கொடுத்தால் பிள்ளைகள் அதிலிருந்து நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு போய் ஒப்பித்துவிடும். அதனால் நான் பட்டியல் கொடுப்பதில்லை. இந்த வாரம் உன்னால் அழுதது யார், நீ யாரோடு பேசாமல் இருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன். கோயிலுக்குள் போகும் முன் அவர்களிடம் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வா என்பேன். தம்பியிடமும் தோழியிடமும் மன்னிப்புக் கேட்ட பிள்ளைக்குத்தான் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதன் பொருள் தெரியும். அங்கேயும் வீடு வந்துவிடுகிறது. அம்மாவிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டிராத அப்பாவைப் பார்த்து வளரும் பையனுக்கு இந்தப் பாடத்தை நடத்துவது மிகக் கடினம்.

வீடு தயாராவதையும் பார்த்திருக்கிறேன். படகில் வேலைசெய்யும் ஒருவர் தன் மகளை வகுப்பில் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் மகள் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பாதியில் நின்றால் எடுத்துக்கொடுக்க அவருக்குத் தெரியவில்லை, மறந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வாசலில் நின்றிருக்கிறார். பிள்ளைகளின் முதல் பாவசங்கீர்த்தனம் நடந்த சாயங்காலம், வரிசை முடிந்த பிறகு அவரும் போய் முழந்தாளிட்டார். பல வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் என்று அவரே என்னிடம் சொன்னார். மறுநாள் அப்பாவும் மகளும் சேர்ந்து நன்மை வாங்கினார்கள். சவேரியார் வைத்த ஒழுங்கு இன்னும் வேலைசெய்கிறது என்று அன்று நம்பினேன்.

இப்படிப்பட்ட தயாரிப்புக்குப் பதிலாக நாம் வேறொரு தயாரிப்பில் மூழ்கிக்கிடக்கிறோம். வெள்ளை கவுன், கோட்டு, பூ கிரீடம், போட்டோ, ஃப்ளெக்ஸ், மண்டபம், பிரியாணி. கடன் வாங்கிப் புதுநன்மை கொண்டாடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த ஆண்டு வசதியில்லை என்பதற்காகவே பிள்ளையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்ட தாயையும் தெரியும். எந்தத் தகுதியும் கேட்காமல் தன்னையே தருகிற நற்கருணைக்கு முன்னால் துணியின் விலை பிள்ளைகளைப் பிரிப்பது தவறு, பெரிய தவறு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே துணி, ஒரே தையல், விருந்தும் கோயில் வளாகத்தில் எல்லாருக்கும் பொதுவாக என்று பங்குப் பேரவையே முடிவெடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வேதனை உறுதிப்பூசுதல். ஆயர் வந்து நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசி, தூய ஆவியின் கொடைகளைத் தந்து, இனி நீ சாட்சியாக வாழ் என்று அனுப்புகிறார். பல பிள்ளைகள் அந்த ஞாயிற்றோடு மறைக்கல்விக்கு விடைகொடுத்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு, டியூஷன், ஞாயிறு காலையில்தான் ஸ்பெஷல் கிளாஸ். அந்த வயதுப் பிள்ளைக்குத்தான் கேள்விகள் அதிகம். கடவுள் இருக்கிறாரா, துன்பம் ஏன், வேறு சமயத்து நண்பனுக்கு மீட்பு இல்லையா? ஏழு வயதில் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்கும் பருவத்தில் அவன் எதிரே உட்கார்ந்து பதில் தேட ஆள் இல்லாமல் போகிறது. மதிப்பெண்ணுக்குச் செலவிடும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு மணியை இதற்கு ஒதுக்குவது எந்தப் பிள்ளையின் எதிர்காலத்தையும் கெடுக்காது.

மறைக்கல்வி ஆசிரியர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிஸ்டர்கள், மீன் ஏலம் முடித்துவிட்டு ஓடிவரும் பெண்களும் உண்டு. 2021 மே 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். அந்த மதிப்பு எங்களுக்குப் பெருமை. ஆனாலும் நாங்கள் துணைக்கு வருகிறவர்கள்தான். முதல் ஆசிரியர்கள் பெற்றோர். இது என் சொந்தக் கருத்து அல்ல, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் சொன்னது. ஞானஸ்நானத் தொட்டியருகே, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று சபை முன்பாக வாக்குக் கொடுத்தவர்களும் நீங்கள்தான்.

அதனால் பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு பிள்ளை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், இன்று என்ன படித்தாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். தெரியாததை அவனிடமே கற்றுக்கொள்ளுங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் டி.வி.யை நிறுத்திவிட்டு ஒரு பத்துமணி ஜெபமாலையாவது சேர்ந்து சொல்லுங்கள். அப்பாவும் ஒரு மந்திரத்தைத் தொடங்கட்டும். பிள்ளையோடு நீங்களும் நன்மை வாங்கத் தயாராகுங்கள். புதுநன்மைத் துணி தைக்கக் கொடுப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.