பேட்டரியைக் கழற்ற முடியுமா?

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் யாராவது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "தம்பி, இருபதாயிரத்துக்குள்ள நல்ல போனா ஒண்ணு சொல்லு" என்பார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு உறவுக்காரர்கள் கொடுத்திருக்கும் பதவி இது. சம்பளம் கிடையாது, வாங்கிய போன் சரியில்லை என்றால் வசவு மட்டும் உண்டு. கேமரா எத்தனை மெகாபிக்சல், ராம் எத்தனை ஜிபி என்று அவர் ஆரம்பிப்பார். "பேட்டரி போனா எங்க மாத்துவீங்க சித்தப்பா? எத்தனை வருஷம் அப்டேட் தருவான்?" என்று நான் கேட்பேன். பெண் பார்க்கப் போன இடத்தில் ஆயுள் காப்பீடு பற்றிப் பேசியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார். கடைசியில் நான் சொன்னதை வாங்காமல், நடிகர் விளம்பரத்தில் காட்டியதை வாங்கிக்கொண்டு வருவார்.

ஆனாலும் நான் அந்தக் கேள்வியை விடுவதாயில்லை. காசு கொடுத்து வாங்கியபின் அந்தப் பொருள் யாருடையது? போன், புத்தகம், பாட்டு, அரசாங்கம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் என் கருத்துகள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

எங்கள் வீட்டு மிக்ஸி நான் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியது. இன்னும் தேங்காய்ச் சட்னி அரைக்கிறது. அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்துவிட்டால் தெருமுனைப் பாத்திரக்கடையில் கிடைக்கும். கார்பன் பிரஷ் போனால் பக்கத்துத் தெரு மிக்ஸி சர்வீஸ்காரர் நின்ற நிலையில் மாற்றிக் கொடுப்பார். ஜார் பிளேடைச் சாணை பிடிக்கலாம். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சரை மாற்றிவிட்டுப் போகிறார். இவற்றைச் செய்ததற்காக மிக்ஸி கம்பெனி அம்மாவைக் குற்றவாளியாகப் பார்த்ததில்லை. அதே வீட்டில் என் மேஜையில் காதில் செருகும் வயர்லெஸ் இயர்போன்கள் கிடக்கின்றன. மிக்ஸியின் பல மடங்கு மூளை அவற்றுக்கு உண்டு. ஆனால் கடுகுபோன்ற ஒரு பேட்டரியை உள்ளே வைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்தால் குப்பை. உடைக்காமல் திறக்க வழியில்லை.

பசையாவது பரவாயில்லை, ஹீட் கன் காட்டினால் இளகிவிடும். அதைவிட மோசமானது மென்பொருள் பூட்டு. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் திரை உடைந்த ஐபோனைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். "டிஸ்ப்ளே போட்டுடலாம் சார், ஆனா மெசேஜ் வரும்" என்பார்கள். 2019இல் வந்த ஐபோன் 11 முதல், வேறு திரை போட்டால் இது அசல் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று போனே அறிவிக்கிறது. உள்ளிருக்கும் முக்கிய பாகங்களுக்கெல்லாம் ஓர் எண். போர்டு அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும். கம்பெனியின் மென்பொருள் ஜோடி சேர்த்துவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. திருட்டு போனைப் பிரித்து விற்பதைத் தடுக்க, கைரேகைப் பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்கிறார்கள். கைரேகை சென்சாருக்கு அந்தக் காரணத்தை ஒப்புக்கொள்கிறேன். பேட்டரியில் என்ன ரகசியம் இருக்கிறது?

ரிச்சி தெருவில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஐசியைப் பெயர்த்து இன்னொன்றை உட்காரவைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். எஞ்சினியரிங் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் பலர். சர்க்யூட் படமோ அசல் உதிரிபாகமோ பெரும்பாலான கம்பெனிகள் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் இந்த நாட்டில் எத்தனை போன்கள் இன்னும் நான்கு வருடம் ஓடும்!

போன் வைத்திருப்பவர்களின் செல்லப் புலம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் இந்தச் சண்டையை முன்னெடுத்தவர்களில் விவசாயிகள் முக்கியமானவர்கள். ஜான் டீர் டிராக்டரில் ஒரு சென்சார் கோளாறு காட்டினால், அதை நீக்கும் முழு மென்பொருள் டீலரிடம்தான் இருக்கும். அறுவடை நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டீலர் வரக் காத்திருக்க வேண்டும். கொலராடோ மாநிலம் 2023இல் விவசாயக் கருவிகளுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையமே ஜான் டீர் மீது வழக்குத் தொடுத்தது. ஐரோப்பியர்கள் இன்னும் தூரம் போய்விட்டார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன் மாடலுக்கு, அதன் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரியிலிருந்து, சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை உடைமையாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். ஐபோனுக்கு சி டைப் சார்ஜர் வந்ததே இப்படியொரு சட்டத்தின் நெருக்குதலால்தான். ஆப்பிளுக்குத் திடீரென்று நம்மீது இரக்கம் பிறந்துவிடவில்லை.

நம் நாட்டில்? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். கம்பெனிகள் சர்வீஸ் விவரங்களை அதில் போடலாம். போடாவிட்டால் ஒன்றும் ஆகாது.

காப்புரிமைக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டு வாய் உண்டு என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். 2017இல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனபோது ஊரே இரண்டுபட்டது. "பாட்டு காத்து மாதிரிடா, அதுக்குப் போயி காசு கேக்கலாமா" என்று என் நண்பர்களில் முக்கால்வாசிப் பேர் கொதித்தார்கள். நான் ராஜா பக்கம் நின்றேன். குளியலறையில் பாடுபவனிடம் அவர் கேட்கவில்லை; டிக்கெட் போட்டு அரங்கத்தை நிரப்பும் கச்சேரியில் பங்கு கேட்டார். அந்தப் பாட்டு இல்லாமல் டிக்கெட் விற்குமா? 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பால், சினிமாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு இசையமைத்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை உரிமை தயாரிப்பாளருக்கே என்று ஆகிவிட்டிருந்தது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவைக்குப் போய்ப் போராடி, 2012 திருத்தச் சட்டத்தில்தான் தியேட்டருக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பதில் அவர்களுக்கும் பங்கு என்று ஆனது.

நல்ல சட்டம். ஆனால் அதே திருத்தத்தின் வழியாகத்தான் 65ஏ என்ற பிரிவும் உள்ளே நுழைந்தது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை, அபராதம். நம்மவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் தடுக்காத காரியத்துக்காகப் பூட்டைத் திறந்தால் குற்றமில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அந்தத் தாராளம் கிடையாது; அங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறை எதற்கெல்லாம் விலக்கு என்று மனுப்போட்டுக் கேட்க வேண்டும். இங்கே இன்னொருவருக்காகத் திறந்து கொடுப்பவர் மட்டும், யாருக்கு, எந்த முகவரி, எதற்காக என்றெல்லாம் முழுதாகப் பதிந்து வைக்க வேண்டும். ரிச்சி தெருவில் அப்படியொரு பேரேடு வைத்திருக்கும் கடையை நான் பார்த்ததில்லை.

படைத்தவருக்குக் கூலி சேர வேண்டும் என்பதும், வாங்கியவர் வீட்டுக்குள் கம்பெனி நுழையக்கூடாது என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி காப்புரிமை என்று பெயர் வைத்து விற்கிறார்கள். 2009 ஜூலையில் அமேசான் என்ன செய்தது? காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டின் சில பிரதிகளை இரவோடிரவாக அழித்தது. விற்றவருக்கு அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லையாம். பணம் திரும்பி வந்தது. ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் என் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக எந்தப் பதிப்பாளராலும் முடியாது. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு என்ற நம் கணக்குப்படி, 1950இல் காலமான ஆர்வெல் இந்தியாவில் 2011 முதல் எல்லாருக்கும் பொது. அமெரிக்காவில் '1984' பொதுவாவதற்கு 2045 பிறக்க வேண்டும். எதேச்சாதிகாரத்தைப் பற்றிய புத்தகத்துக்கே இந்த கதி என்பதை ஆர்வெல்கூடக் கற்பனை செய்திருக்க மாட்டார்.

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் படத்தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1947இல் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் சக்கைபோடு போட்டன. அடுத்த வருடம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது சிக்கல் எழுந்தது. தேசகவியின் பாட்டுக்குத் தனியார் சொந்தம் கொண்டாடுவதா என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். ஓமந்தூரார் முதல்வராக இருந்த 1949இல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதி குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்; துப்பறியும் கதைபோல இருக்கும்.

அங்கே தொடங்கிய நாட்டுடைமை வழக்கம் அண்ணா, பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று நீண்டது. புத்தகக் கண்காட்சியில் 'பொன்னியின் செல்வன்' ஏழெட்டு விலையில், ஏழெட்டு விதமான அச்சுப்பிழைகளோடு கிடைப்பதற்கு அதுதான் காரணம். எனக்கு இதில் மகிழ்ச்சியே. குடும்பத்துக்குத் தொகை போகிறது, எழுத்து ஊருக்கு வருகிறது; இதைவிட நியாயமான ஏற்பாடு வேறு தேசத்தில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாரை எப்போது நாட்டுடைமை ஆக்குவது என்பது மட்டும் கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதற்கு வெளிப்படையான ஒரு விதி வேண்டும். இணையத்தில் தமிழ் எழுத்துருவுக்கே தலைவலி இருந்த 1998 பொங்கலில், தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே ஒரு நூலகத்தை எழுப்பிவிட்டார்கள். விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் குவிந்து கிடக்கின்றன. இவ்வளவுக்குப் பிறகும் கல்கி நாவலை ஒருவர் டிஜிட்டல் பூட்டோடு மின்னூலாக விற்கலாம். எழுத்து நம் எல்லாருடையது, கோப்பு மட்டும் கம்பெனியுடையது. வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது.

"நீ எந்தக் கட்சிடா?" என்று மாமா கேட்பார். கட்சி கிடையாது, சாதனத்தையும் இணையத்தையும் யார் கையில் கொடுக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவதோடு சரி. இலவச லேப்டாப்பைக் கிண்டல் செய்தவர்களோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். 2011 செப்டம்பர் 15இல் ஜெயலலிதா தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் இருந்தது. மூடியில் முதல்வர் படம் இருந்ததைத்தான் எல்லாரும் பேசினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்று அதைத் திறந்து, அழித்து, வேறொன்றை ஏற்றி, கெடுத்து, மறுபடி சரிசெய்யலாம் என்பதை யாரும் பேசவில்லை. நான் தொழில் கற்றுக்கொண்டதே அப்படிக் கெடுத்துத்தான். இன்று குழந்தைகள் கையில் இருக்கும் டேப்லெட்டில் அது முடியாது.

எங்களைப் போன்றவர்கள் அரசியலில் ஒரே ஒருமுறை ஜெயித்திருக்கிறோம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஃபேஸ்புக் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது. இணையச் சமநிலை வேண்டும் என்று மக்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8இல் தளத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறையே தடைசெய்யப்பட்டது. அந்த செப்டம்பரிலேயே ஜியோ இலவச டேட்டாவோடு வந்தது. அப்போது கொள்கை பேசிய நாங்களும் வரிசையில் நின்று சிம் வாங்கினோம் என்பது வேறு கதை.

அந்த மின்னஞ்சல்கள் வேலை செய்தன. அதனால்தான் இதையும் கேட்கலாம் என்கிறேன். பழுதுபார்க்கும் உரிமைக்கு இந்தியாவில் இன்னும் தனிச் சட்டம் கிடையாது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலை, சாக்கடை எல்லாம் கேட்டு முடித்தபின், என் போன் பேட்டரியை நான் மாற்றிக்கொள்ளச் சட்டம் எப்போது போடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது டெல்லி விவகாரம் என்று சொல்லி நழுவப் பார்ப்பார். எம்.பி. தேர்தலில் கேளுங்கள், அந்தச் சாக்கும் செல்லாது.