ஒரு கறை ஒன்பதானது!

திருப்பத்தூரில் எங்களுடையது பழைய வீடு. கூடத்தில் சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் தரை. அதைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதிக்கலாம் என்று இவர் சொன்னதும் என் மாமியாரின் முகம் வாடிவிட்டது. "உங்க மாமா கூடவே நின்னு போட வெச்ச தரைம்மா" என்றார்.

'ஸ்வீட் ஹோம் 3டி' என்ற இலவச மென்பொருளில் நம் வீட்டையே வரைந்து பார்க்கலாம். செல்போனில் ஒரு முழம் தரையைப் படமெடுத்து அதில் பரப்பினேன். கம்ப்யூட்டர் அந்த ஒரே படத்தை வரிசையாக அடுக்கியதில், கூடம் ஒட்டுப் போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது! "ஒரே எண்ணெய்க் கறை ஒன்பது இடத்துல எப்படிம்மா வரும்?" என்று அத்தை சிரித்தார்.

ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் கூடிய ஒரு காலையில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து மறுபடி எடுத்தேன். 'கிம்ப்' என்ற இன்னொரு இலவச மென்பொருளில் படத்தைப் பாதியளவு நகர்த்தினால் நான்கு ஓரங்களும் நடுவே வந்து கூடும். அங்கே தெரிகிற இணைப்புக் கோட்டைப் பக்கத்து நிறத்தால் மூடி, கறையையும் அழித்தேன். புடவையில் பூ அச்சு இடைவெளி தெரியாமல் ஓடுகிறதே, அதே சூட்சுமம்தான்!

குழந்தை தூங்கியதும் காவித் தரை, டைல்ஸ் இரண்டையும் இவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கூடம் அப்படியே இருக்கட்டும். சமையலறைக்கு மட்டும் டைல்ஸ் போதும்" என்றார்.

மறுநாள் அத்தை தேங்காயெண்ணெய் தொட்டுத் தரையைத் துடைத்துப் பளபளப்பாக்கினார். அந்தக் கறை மட்டும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே!