சிவப்புப் பெட்டிக்கு ஓர் இடம்

பெரிய கட்டடங்களின் வாசல்களுக்கு அருகே, சுவரில், உள்ளங்கையளவான ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். அதைப் பார்த்தவர்கள் பலர், கவனித்தவர்கள் சிலர். தீயைக் காணும் எவரும் உடனே அபாயமணியை ஒலிக்கச் செய்யலாம் என்பதற்காக வைக்கப்பட்ட பெட்டி அது. இலங்கையில் நாம் பெரும்பாலும் காண்பது கண்ணாடியை அழுத்தி இயக்கும் பிரித்தானிய வகை. அமெரிக்காவில் கைபிடியைக் கீழ்நோக்கி இழுக்கும் வகை. அதை எங்கே பொருத்துவது என்பது மிக எளிய கேள்விபோலத் தோன்றும். அப்படியல்ல என்பதை நியூ ஜேர்சியில் அந்தத் தொழிலைச் செய்துவரும் என் தங்கையின் மகன் எனக்கு விளக்கினார்.

அமெரிக்காவில் பின்பற்றப்படும் தேசியத் தீ எச்சரிக்கை நியமம் இவ்விடயத்தில் தெளிவானது. பெட்டியின் கைபிடி தரையிலிருந்து 42 அங்குலத்துக்குக் குறையாமலும் 48 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அது எட்டவேண்டும் அல்லவா? ஒவ்வொரு மாடியிலும் வெளியேறும் வாசலிலிருந்து 5 அடிக்குள் அது அமையவேண்டும். ஒரே மாடியில் நிற்கும் ஒருவர் அதைத் தேடி 200 அடிக்கு மேல் நடக்கும்படி விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியவேண்டும்; முன்னால் தடைகள் இருக்கக்கூடாது.

விதி இவ்வளவுதான். ஆனால் விதியை எழுதியவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். இன்றைய அலுவலகக் கோபுரங்களின் முன்கூடத்தில் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கதவைத் தாங்கும் அலுமினியச் சட்டமோ இரண்டு விரல் அகலம். அதற்கென்றே ஒடுங்கிய பெட்டிகள் விற்கப்படுகின்றன. சட்டத்தின் உள்ளேயே கம்பியை இழுத்துச் செல்லவேண்டும். அதுவும் இயலாதபோது தரையில் ஒரு சிறு தூணை நட்டு அதில் பொருத்துகிறார்கள். அதற்குக் கொங்கிறீற் தளத்தைத் துளைத்து, கீழ்மாடியின் கூரை வழியாகக் கம்பியைக் கொண்டுவர வேண்டும். பழைய கருங்கல் கட்டடமாயின் சுவரைக் குடையக்கூடாது. குழாயை வெளிப்புறமாகவே ஓடவிடவேண்டும், அல்லது கம்பியில்லாத வகையைத் தேடவேண்டும். இன்னோரிடத்தில் சுவர் இருக்கும், அளவும் சரியாக இருக்கும். ஆனால் கதவை முழுதாகத் திறந்ததும் அதன் பலகை பெட்டியை மூடிவிடும். எல்லோரும் வெளியே ஓடும் நேரத்தில் கதவு திறந்துதான் இருக்கும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானவர்கள் உரிமையாளர்கள் என்றார் மருமகன். பளிங்குச் சுவருக்குப் பெரும் பணம் கொடுத்தவர் அதன் நடுவே ஒரு சிவப்புப் பெட்டியைக் காண விரும்புவதில்லை. தூணுக்குப் பின்னால் வைக்கமுடியாதா, பூச்சாடிக்குப் பக்கத்தில் வைக்கமுடியாதா, சுவரின் நிறத்தையே அதற்கும் பூசமுடியாதா என்று கேட்பார். அவருக்கு மருமகன் சொல்லும் பதிலை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்: “மாமா, நெருப்புக் காணேக்கை ஆக்கள் யோசிச்சு ஓடுறேல்லை. பழகின வழியாலைதான் ஓடுவினம். அந்த வழியிலை பெட்டி இல்லையெண்டால், பெட்டியே இல்லையெண்டுதான் அர்த்தம்.”

இந்தப் பெட்டியின் வரலாற்றைப் புரட்டும்போது, இடம் பற்றிய கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பது தெரிகிறது. அபாயத்தை அறிவிக்கும் உரிமை யாருக்கு? 1852இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரம் தந்தி வழியாகத் தீயை அறிவிக்கும் பெட்டிகளைத் தெருக்களில் நிறுவியது. உலகில் அத்தகைய முதல் நகர ஏற்பாடு அதுவே. ஆனால் பெட்டிகளுக்குப் பூட்டு இருந்தது. வீண் அழைப்புகளுக்கு அஞ்சித் திறப்புகளைக் காவலர்களிடமும் நம்பிக்கைக்குரிய சிலரிடமும் மட்டும் கொடுத்திருந்தார்கள். 1872 நவம்பர் 9ஆம் திகதி இரவு அந்நகரின் வணிகப் பகுதியில் தீ மூண்டது. பலர் கண்டார்கள், பெட்டியைத் திறக்க அவர்களிடம் திறப்பு இல்லை. தீ பரவியதற்கு வேறு காரணங்களும் உண்டு. குதிரைகளுக்கு நோய் கண்டிருந்ததால் தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே இழுக்கவேண்டியிருந்தது. எனினும் தொடக்கத்தில் இழந்த நிமிடங்கள் திரும்பி வரவில்லை. எழுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

1958 டிசம்பர் 1ஆம் திகதி சிக்காகோ நகரின் கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. தீ வடபகுதியின் படிக்கட்டில் தொடங்கியது. முழுப் பாடசாலைக்கும் இருந்தவை இரண்டே அபாயமணி ஆளிகள், இரண்டும் தென்பகுதியில். இன்னதற்கானவை என்ற அடையாளமும் அவற்றில் இல்லை. மணியை ஒலிக்கும் அதிகாரம் தலைமை அருட்சகோதரிக்கு மட்டுமே என்பது பாடசாலையின் விதி. புகையைக் கண்ட ஆசிரியை ஒருவர் முதலில் அவரைத் தேடினார். அவரோ அன்று வராத ஆசிரியை ஒருவருக்குப் பதிலாக வேறு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மணி ஒலித்தபோது காலம் கடந்திருந்தது. அதுவும் தீயணைப்பு நிலையத்துடன் இணைக்கப்படாத மணி. 92 பிள்ளைகளும் 3 அருட்சகோதரிகளும் மாண்டார்கள். பொஸ்ரனில் பூட்டு இரும்பாலானது. சிக்காகோவில் அது ஒரு விதியாக இருந்தது.

இன்று தானியங்கி நீர்தெளிப்பான்களும் புகை உணரிகளும் வந்துவிட்டன; கைபிடி இனி எதற்கு என்று கேட்போர் உண்டு. முற்றாக நீர்தெளிப்பான் பொருத்திய கட்டடங்கள் பலவற்றில் ஒவ்வொரு வாசலிலும் பெட்டி தேவையில்லை என்று அமெரிக்கக் கட்டட விதிகளே விலக்களிக்கின்றன. வீண் விளையாட்டுக்காக இழுப்பவர்களால் தீயணைப்பாளர்கள் படும் அல்லலும் பொய்யல்ல. ஆனால் சாதாரண நீர்தெளிப்பான் ஒன்று திறப்பதற்கு அதன் முனையில் ஏறத்தாழ 68 பாகை செல்சியஸ் வெப்பம் சேரவேண்டும். சமையலறையில் கருகும் நாற்றத்தை உணர்ந்த பணிப்பெண்ணோ, களஞ்சியத்தில் தீப்பொறியைக் கண்ட காவலாளியோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. விளையாட்டுக்கு இழுப்பவர்களைத் தடுக்கவும் பூட்டு வேண்டாம். பெட்டிக்குமேல் ஒரு பிளாஸ்ரிக் மூடியை இடுகிறார்கள். தூக்கியவுடன் அது அந்த இடத்தில் மட்டும் அலறும். விளையாட வந்தவன் ஓடிவிடுவான். உண்மையில் தீயைக் கண்டவர் தொடர்ந்து கைபிடியை இழுப்பார்.

கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை நிறுவனமொன்றின் அச்சுக்கூடத்திலும் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. வெளிவாசலுக்குப் பக்கத்தில், முறையான உயரத்தில், சரியாகவே பொருத்தியிருந்தார்கள். பிறகு கடதாசி உருளைகளுக்கு இடம் போதாமற்போக, அவற்றை அதன் முன்னால் அடுக்கினார்கள். ஆளுயர உருளைகள். தீப்பற்ற அதைவிடத் தோதான பொருள் அந்தக் கட்டடத்தில் இருக்கவில்லை. உருளைகளை அகற்றும்படி அச்சுத் தொழிலாளர்கள் பலமுறை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் முகாமையாளர் அளித்த விடை, அங்கே ஒருபோதும் தீப்பிடித்ததில்லை என்பதே. அங்கே தீப்பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரவு வேலைக்கு வந்தவர்கள் அந்த உருளைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே பல ஆண்டுகள் வேலைசெய்தார்கள்.

முதலில் காண்பவர் முதலில் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். அதற்கு அவர் எவருடைய அனுமதியையும் திறப்பையும் தேடிப்போகக்கூடாது. அபாயமணிப் பெட்டிக்குப் பொருந்தும் இந்த நியாயம், நான் காலமெல்லாம் செய்த தொழிலுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நிறுவனங்கள் எச்சரிக்கையை வெறுப்பதில்லை. அது தமக்கு வசதியான சுவரில், தாம் விரும்பும் நிறத்தில் இருக்கவேண்டும் என்றுதான் விரும்புகின்றன.

நாளைக்கு வேலைக்குச் செல்லும்போது உங்கள் மாடியின் வாசலில் ஒரு கணம் நின்று பாருங்கள். பெட்டி எங்கே இருக்கிறது? அதன் முன்னால் என்ன இருக்கிறது? நாற்காலியோ பூச்சாடியோ இருந்தால், யாரிடமும் கேட்காமல் அதை நகர்த்தி வையுங்கள்.