பெயர் எழுதப்படாதவர்கள்

சிராங்கூன் சாலையிலிருந்து கம்போங் கிளாம் அரண்மனை வளாகம் நடைதூரமே. அங்குச் செல்லுந்தோறும், 1849இல் அச்சேறிய முன்ஷி அப்துல்லாவின் மலாய்த் தன்வரலாறு நினைவுக்கு வரும். சுல்தான் உசேனின் பேரன்பைப் பெற்றிருந்த தமிழ் முஸ்லிமான அப்துல் காதிரை அதில் கண்டதும், 'நம்மவர் ஒருவர்!' என மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே அரண்மனையிலிருந்து அடிமைப் பெண்கள் 27 பேர் ஓரிரவில் தப்பிக் காவல் நிலையத்தில் தஞ்சம் புகுந்ததையும் அந்நூல் உரைக்கிறது. அவர்தம் உடலில் அடியின் வடுக்களும் சூட்டின் தழும்புகளும் இருந்தன. பிரிட்டிஷ் ரெசிடென்ட் கிராஃபர்ட், விரும்பிய இடம் செல்லுமாறு அவர்களை விடுவித்தார்.

அரசனுக்கு வேண்டியவரின் பெயர் ஏட்டில் நிலைத்தது. அப்பெண்களுள் ஒருத்தியின் பெயரும் நாம் அறியோம். மாணவரிடம் முன்பு அப்துல் காதிரைக் கொண்டே இவ்வரலாற்றைத் தொடங்குவேன். இப்போது அந்த 27 பேரிலிருந்து தொடங்குகிறேன்.